ஃப்ரிட்ஜ் விலையில் ஒரு ரம்பம்

நான் செய்த முதல் மணை ஆடியது. ஆட்டம் என்றால் உட்கார்ந்தவரை இறக்கிவிடுகிற ஆட்டம். எங்க வூட்டுக்காரர் காலையில் ஷூ மாட்டிக்கொள்ள அதில் உட்கார்ந்தார். இடப்பக்கம் சாய்ந்தார், வலப்பக்கம் சாய்ந்தார். எழுந்து, வாசற்படியில் உட்கார்ந்து மாட்டிக்கொண்டு, சைக்கிளை எடுத்துக்கொண்டு கல்பாக்கம் அணுமின் நிலையத்து ட்யூட்டிக்குப் போய்விட்டார். திட்டியிருந்தால்கூட நான் பதிலுக்கு நாலு சொல்லி ஆறியிருப்பேன். அந்த மனுஷன் ஒன்றும் சொல்லாமல் போனதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

தப்பு மணையிடம் இல்லை, என் கையிடம் இருந்தது. ஸ்கேல் வைத்துப் பென்சிலில் கோடு போடுவேன், கோடு நேராக இருக்கும். கைரம்பத்தை வைத்ததும் அது தன் பாட்டுக்கு வேறு பக்கம் போகும். செங்கல்பட்டில் ஒரு பள்ளிக்கூட ஆபீசில் இத்தனை வருஷம் ரிஜிஸ்டரில் கோடு போட்டவள் நான், ஒரு பலகையை நேராக அறுக்கத் தெரியவில்லை என்றால் ஆத்திரம் வருமா வராதா?

ஊரப்பாக்கத்து வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு, அவர் வேலைக்குப் பக்கமாக இருக்கட்டும் என்று சதுரங்கப்பட்டினத்தில் வீடு கட்டிக்கொண்டு வந்தோம். வந்ததும் நான் வேலையை விட்டேன். பிள்ளைகள் வெளியூரில். பகல் முழுக்க வீட்டில் நானும் கடல் சத்தமும்தான். வீடு கட்டியபோது மிச்சமான பலகைகள் கிடந்தன, அதில்தான் ஆரம்பித்தேன். செல்போனில் வீடியோ பார்ப்பேன், பார்த்துவிட்டு ஆணி அடிப்பேன். பலகை தீர்ந்ததும், மறைமலை நகர்ப் பக்கம் கம்பெனிகளுக்கு மெஷின் வந்து இறங்குகிற பைன் மரப்பெட்டிகளைப் பிரித்து விற்கிறார்களே, அதை வாங்கிவந்தேன். சல்லிசான மரம், வாசனையும் நன்றாக இருக்கும். ஆனால் நேராக அறுக்க ஆள் வேண்டுமே. டேபிள் சா ஒன்று வாங்கிவிடலாம் என்று அப்போதுதான் முடிவு செய்தேன். அது மேசை ரம்பம், மேசைக்கு நடுவே வட்ட பிளேடு எட்டிப்பார்க்கும், பலகையை நாம்தான் தள்ளவேண்டும்.

அதற்காகச் சேர்த்த பணம் ஒன்றும் தனியாக இல்லை. புது ஃப்ரிட்ஜ் வாங்குவதற்கென்று வைத்திருந்தது இருந்தது. பழைய ஃப்ரிட்ஜ் உறுமிக்கொண்டே ஓடிக்கொண்டிருந்தது, உறுமட்டும் என்று விட்டுவிட்டேன். ஒரு ஃப்ரிட்ஜ் விலையைத் தாண்டாத ரம்பம். அதுதான் என் கணக்கு.

எங்க வூட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் சாப்பிடுகிற கையை அப்படியே நிறுத்தினார்.

அவர் ஏன் நிறுத்தினார் என்று எனக்குத் தெரியும். என் மாமனார் மரம் அறுக்கிற மில்லில் வேலை செய்தவர். ரம்பத்தில் வலது கைக் கட்டைவிரல் போய்விட்டது. கட்டைவிரல் இல்லாமல் சோறு பிசைந்து பாருங்கள், தெரியும். அந்தக் காலத்தில் ஸ்பூனில் சாப்பிட்டால் ஊரே வேடிக்கை பார்க்கும். அதனால் அவர் கல்யாண வீடுகளில் பந்தியில் உட்காரவே மாட்டார். மொய் எழுதிவிட்டு, 'வயிறு சரியில்ல' என்று சொல்லிவிட்டுப் பசியோடு வீட்டுக்கு வந்துவிடுவார். எங்கள் கல்யாணத்தில்கூட அப்படித்தான், சொந்த மகன் கல்யாணம்! மில்லில் எல்லோரும் என்ன சொன்னார்கள் என்றால், மனுஷன் வேலையில் கண் அசந்துவிட்டார் என்று. அவர் மட்டும் சாகிறவரைக்கும், 'நான் தூங்கல, கட்ட எகிறிச்சி' என்றே சொல்லிக்கொண்டிருந்தார். யாரும் நம்பவில்லை. அவர் பிள்ளையும் நம்பவில்லை.

"வேணாம்னு சொன்னா நீ கேக்கப் போறியா?" என்றார் எங்க வூட்டுக்காரர்.

"மாட்டேன்."

"அப்ப வாங்கு. ஆயுத பூஜ வரிக்கும் பாக்கறேன். அதுக்குள்ள எனக்கு இந்த பயம் போவலன்னா, எடுத்தாந்த கடையிலயே குடுத்துட்டு வந்துடணும். சண்ட போடக்கூடாது."

அவர் வேலை செய்கிற இடத்தில் கையுறை இல்லாமல் ஒரு நட்டைத் தொடமாட்டார்கள். வீட்டில் டியூப்லைட் மாற்றினாலே மெயினை அணைத்து, என்னைக் காவல் நிற்கவைக்கிற ஆள். அந்த ஆள் இவ்வளவு இறங்கிவந்ததே பெரிசு. சரி என்றேன். ஆனால் வாங்கிப் பழகிக் கை படிகிற நேரத்தில் திருப்பிக் கொடு என்றால் என்ன செய்வேன்?

முதலில் எங்கள் வீட்டுக்கு ஜன்னல் கதவு போட்ட தச்சரிடம் கேட்டேன். கையில் பிடித்து அறுக்கிற கட்டரைத் தலைகீழாக்கி, ஒரு ப்ளைவுட் பலகைக்கு அடியில் மாட்டி, பிளேடு மேலே நீட்டிக்கொண்டிருக்க, அதில் அவர் அறுத்துக்கொண்டிருந்தார். "எதுக்குமா தனியா மெஷினு? நானு எல்லாத்தையும் இதுலதான் அறுத்துகினு கீறேன்," என்றார். அவர் அறுத்ததைப் பார்க்க அழகாகத்தான் இருந்தது. அவருக்குக் கை பழகியது, சரி. எனக்குப் பழகாத கை. அதுவும் வீட்டில் ஒரு ஆள் அதை நினைத்தே பயந்துகொண்டிருக்கிற கை.

அடுத்து செங்கல்பட்டில் ஒரு வெல்டிங் பட்டறை. ஆங்கிளில் ஸ்டாண்டு, பெரிய மோட்டார், பெல்ட், தட்டு மாதிரி பிளேடு. யானையைக்கூட அறுக்கலாம். விலையும் என் ஃப்ரிட்ஜுக்குள் அடங்கியது. "பிளேடு மேல மூடி இல்லையா அண்ணாத்த?" என்று கேட்டேன்.

"மூடி போட்டா பிளேடு எப்பிடிமா கண்ணுக்குத் தெரியும்? தெரிஞ்சாதான கை வெக்காம இருப்ப?"

அந்த நியாயத்துக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு வந்தேன்.

ஜி.எஸ்.டி. ரோட்டில் ஒரு பழைய சாமான் கடையில்தான் நான் மயங்கிப்போனேன். மூடிப்போன ஏதோ பட்டறையில் இருந்து வந்த வார்ப்பிரும்பு டேபிள் சா. மேசைப்பரப்பைத் தடவினால் குளிர்ச்சியாக, ஒரு மேடு பள்ளம் இல்லாமல் இருந்தது. எடை அப்படி, எவ்வளவு பெரிய பலகையைத் தள்ளினாலும் அது அசையாது. விலையும் குறைத்துத் தருவதாகக் கடைக்காரன் சொன்னான். ஆனால் அதற்கு மூணு ஃபேஸ் கரண்ட் வேண்டும், அதற்கு ஈ.பி. ஆபீசுக்கு நடையாய் நடக்கவேண்டும். அதைவிட, எங்கள் வீட்டுக் கேட் கொக்கியில் இருந்து தாளிக்கிற கரண்டி வரைக்கும் உப்புக்காற்று துருவாக்கிவிட்டது. அந்த இரும்பு மேசையை அங்கே கொண்டுபோய் வைத்தால் காலையில் ஒரு வேளை, சாயங்காலம் ஒரு வேளை எண்ணெய் தேய்க்கவேண்டும். குழந்தையா அது? மனசே இல்லாமல் விட்டுவிட்டு வந்தேன். இன்னும் அந்த வழியே பஸ்ஸில் போனால் கழுத்து தானாகத் திரும்பும்.

கடைசியில் செங்கல்பட்டு பஜாரில் ஒரு டூல்ஸ் கடை. "சார் வரலயா மேடம்?" என்றுதான் ஆரம்பித்தார் கடைக்காரர். "சாருக்கு ட்யூட்டி. ரம்பம் எனக்கு," என்றேன். அதற்குப் பிறகு மரியாதையாகத்தான் பேசினார், குற்றம் சொல்லக்கூடாது. அலுமினிய மேசை வைத்த சின்ன மெஷின்கள் ரெண்டு இருந்தன. அலுமினியம் துருப்பிடிக்காது, வீட்டுக் கரண்டிலேயே ஓடும், ரெண்டு பேர் தூக்கலாம். ஒன்றில் மோட்டார் பெரிசு, விலை குறைவு. இன்னொன்றில் மோட்டார் சின்னது, விலை கொஞ்சம் கூட.

நான் கைப்பையில் டேப் கொண்டுபோயிருந்தேன். மேசை ரம்பத்தில் பிளேடுக்குப் பக்கத்தில் ஒரு நீளச் சட்டம் இருக்கும், அதை ஒட்டித்தான் பலகை நகரும். அந்தச் சட்டம் நேராக நின்றால்தான் வெட்டும் நேராக வரும். முதல் மெஷினில் சட்டத்தைப் பூட்டிவிட்டு அளந்தேன். பிளேடுக்கு முன்னால் ஒரு அளவு, பின்னால் வேறு அளவு. தளர்த்திப் பூட்டினேன், இப்போது வேறு மாதிரி கோணல். இரண்டாவது மெஷினில் எத்தனை தடவை பூட்டினாலும் முன்னும் பின்னும் ஒரே அளவு.

"அதுல பவர் ஜாஸ்தி மேடம்," என்றார் கடைக்காரர், முதல் மெஷினைக் காட்டி.

"கோணலா அறுக்கற மெஷினுக்குப் பவர் ஜாஸ்தி இருந்தா சீக்கிரமா கோணலா அறுக்கும், அவ்ளோதானேங்க?"

சிரித்துவிட்டார். அப்புறம் அவரே இரண்டாவது மெஷினின் மூடியைத் தூக்கி, பிளேடுக்குப் பின்னால் நிற்கிற ஒரு மெல்லிய தகட்டைக் காட்டினார். அறுபட்ட மரம் சில சமயம் பிளேடுக்குப் பின்னால் சேர்ந்துகொண்டு பிளேடைக் கவ்விப்பிடிக்குமாம். அப்போது பின்பக்கத்துப் பல் மரத்தை அப்படியே தூக்கி, தள்ளுகிற ஆள் மேலேயே எறியுமாம். மரம் எகிறும்போது கை எங்கே போய் விழும் என்று சொல்லமுடியாதாம். அந்தத் தகடு வெட்டுக்குள் நின்றுகொண்டால் மரம் சேராது. இதைத்தானே என் மாமனார் சொல்லிக்கொண்டிருந்தார்! வேறு யோசனையே இல்லை. அந்த மெஷின்தான் என்றேன். ரம்பத்துக்கு நல்ல பிளேடு ஒன்று தனியாக, பலகையைத் தள்ளுவதற்கு ஒரு தள்ளுகட்டை, காதுக்கு மூடி எல்லாம் சேர்த்து ஃப்ரிட்ஜ் விலையை ஒரு நூல் தாண்டியது. தாண்டினால் தாண்டட்டும்.

திருக்கழுக்குன்றம் வழியாகப் போகிற பஸ்ஸில் டிரைவருக்குப் பக்கத்தில் பெட்டியை ஏற்றிக்கொண்டேன். லக்கேஜ் டிக்கெட்டும் போட்டார்கள். பக்கத்து சீட்டு அம்மாள் வழி நெடுக அந்தப் பெட்டியையே பார்த்துக்கொண்டு வந்தாள். "உள்ள இன்னா கீது, கிரைண்டரா?" என்றாள் கடைசியில். "ஆமாம்மா, மரம் அரைக்கிற கிரைண்டர்," என்றேன். அவள் சிரிக்கவில்லை. எனக்கு மட்டும் சிரிப்பு அடங்கவில்லை.

அன்று சாயங்காலமே எங்க வூட்டுக்காரரிடம் தகட்டைப் பற்றிச் சொன்னேன். "உங்க நைனா சொன்னது நிஜமா இருக்கும்ங்க. கட்ட எகிறுமாம்."

"தூங்கனவரு வேற இன்னா சொல்லுவாரு? கட்ட எகிறிச்சின்னுதான் சொல்லுவாரு," என்றார். குரலில் கோபம் இல்லை, சலிப்புதான் இருந்தது. சின்ன வயசில் இருந்து அவர் காதில் விழுந்ததே அதுதான்.

வீட்டுக்குப் பக்கவாட்டில் இருக்கிற தகர ஷெட்டில் மெஷினை நிறுத்தினேன். கட்டை எகிறினால் எந்த வழியே வருமோ அந்த வழியில் தரையில் மஞ்சள் பெயின்ட்டில் ஒரு பட்டை அடித்தேன். அதில் நான் நிற்கக்கூடாது. அதற்கு இடதுபக்கம் ஒரு பழைய மிதியடியைப் போட்டு, அதில் நின்றுதான் அறுப்பேன். முதல் பலகை சரசரவென்று போய் நேராக அறுபட்டு விழுந்ததே, அப்போது எனக்கு வந்த சந்தோஷத்தை யாரிடம் சொல்ல? அறுத்த விளிம்பை வெயிலில் தூக்கிப் பிடித்துப் பார்த்தேன். நேர்! அதற்கப்புறம் இரண்டாவது மணை செய்தேன். அவர் அதில் உட்கார்ந்து ஷூ மாட்டிக்கொண்டார். இந்தத் தடவையும் ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் சாயவும் இல்லை.

ஷெட்டுக்குள் மட்டும் அவர் காலெடுத்து வைக்கவில்லை. மெஷின் சத்தம் கேட்டால் தெருப்பக்கம் போய் நின்றுகொள்வார். சாப்பிட உட்கார்ந்தால் அவர் கண் என் வலது கையில் நிற்கும். குழம்பு ஊற்றி நான் பிசைகிறவரைக்கும் பார்ப்பார், பிறகுதான் தன் தட்டைத் தொடுவார். உப்பு இருக்கிறதா, காரம் தூக்கலா, ஒன்றும் சொல்லமாட்டார். அதற்கு முன்னால் எங்கள் வீட்டில் குழம்பைக் குறை சொல்லாமல் ஒரு வேளைச் சாப்பாடு நடந்ததில்லை. எரிச்சலாக வரும். அப்புறம் பாவமாகவும் இருக்கும். அதனால் விரல்கள் தெரியும்படி மெதுவாகப் பிசைவேன்.

ஆயுத பூஜை வந்துவிட்டது. ஷெட்டைக் கழுவி, தூள் எல்லாம் கூட்டி வைத்திருந்தேன். பூஜை அவர்தான் போடவேண்டும், அதனால் அன்றைக்கு உள்ளே வந்தார். அவர் சைக்கிள், டெஸ்டர், ஸ்பேனர், என் உளி, சுத்தியல் எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம். டேபிள் சாவுக்கு வந்தபோது முதலில் ப்ளக்கைப் பிடுங்கினார். ஒரு அட்டையில் 'தொடாதே' என்று எழுதி ஸ்விட்சில் தொங்கவிட்டார். ட்யூட்டியில் பழகின பழக்கம், சாமி கும்பிடும்போதுகூட விடமாட்டார். பிறகு மூடியையும் பின்தகட்டையும் கழற்றினார்.

"அத ஏங்க கழட்டறீங்க?"

"மூடிக்கு பொட்டு வெச்சா எப்பிடி? ஆயுதம் பிளேடுதான?"

பொரி, கடலை, சுண்டல், பூசணிக்காய், எல்லாம் நல்லபடியாக முடிந்தது. 'கடைக்குத் திருப்பிக் கொடு' என்ற பேச்சை அவர் எடுக்கவில்லை. நானும் எடுக்கவில்லை.

மறுநாள் விஜயதசமி. ஓய்வெடுத்த ஆயுதத்தை அன்றைக்குத் தொடங்கி வைக்கவேண்டும். "நீங்களே ஸ்விட்ச் போடுங்க," என்று நானே கூப்பிட்டேன். அப்படியாவது அவருக்கு ஒட்டட்டும் என்று ஒரு ஆசை. மூடியை மாட்டிவிட்டுத்தானே போடுவார் என்று நினைத்துக்கொண்டு, கற்பூரம் எடுக்க உள்ளே போனேன். திரும்பி வந்து பார்த்தால், ஐயோ சாமி! மூடியும் இல்லை, தகடும் இல்லை, ப்ளக் மட்டும் மாட்டியிருக்கிறது. பிளேடு முழுசாக உயர்ந்து நிற்கிறது. பிளேடுக்கு முன்னால் ஒரு எலுமிச்சம்பழம், பின்னால் ஒரு எலுமிச்சம்பழம், பல்லை ஒட்டினாற்போல் வைத்திருக்கிறார். ரெண்டு காலும் மஞ்சள் பட்டை மேல். கை பச்சை பட்டன் மேல்.

"இருங்க, இருங்க! வேணாம்!"

"வண்டிக்கு டயர்ல வெச்சி நசுக்கறமே, அந்த மாதிரிதான், திஷ்டி போவட்டும்," என்று சொல்லிக்கொண்டே அழுத்திவிட்டார்.

முன்னால் வைத்த பழம் ரெண்டாகப் பிளந்து மேசையில் விழுந்தது. பின்னால் வைத்ததைப் பிளேடு தூக்கியதை நான் பார்க்கவே இல்லை. பொத்தென்று ஒரு சத்தம்தான் கேட்டது. அவர் நெஞ்சில் அடித்து, சட்டை முழுக்கச் சாறு. நான் ஓடிப்போய் சிவப்பு பட்டனை அடித்தேன். சட்டையைத் திறந்து பார்த்தேன், சிவந்திருந்தது, வேறு ஒன்றும் இல்லை. அதற்குப் பிறகு எனக்கு வந்ததே கோபம்! "ஊருக்கெல்லாம் சேஃப்டி பாடம் எடுக்கற ஆளு, மூடி இல்லாம மெஷின் போடுவீங்களா? கண்ணுல பட்டிருந்தா?" என்று கத்தினேன். கத்தும்போதே, கிழிஞ்சது போ, மெஷின் நாளைக்கே கடைக்குப் போகிறது என்றும் மனசுக்குள் ஓடியது.

அவர் குனிந்து அந்தப் பழத்தை எடுத்தார். ஒரு பக்கம் கிழிந்திருந்தது. அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது எகிறி வந்துச்சி," என்றார்.

"ஆமா, வந்துச்சி! அதத்தான சொன்னேன்!"

"நான் முழிச்சிகினுதான் கீறேன். பாத்துகினேதான் இருந்தேன். அப்பவும் வந்து அடிச்சிடுச்சி." பழத்தை மேசையில் வைத்தார். பிறகு, "நைனா தூங்கல," என்றார்.

சொல்லிவிட்டு என் இரண்டாவது மணையில் உட்கார்ந்து அழுதார். அவர் அப்பா செத்தபோதுகூட நான் அவர் அழுது பார்க்கவில்லை. பக்கத்தில் நின்று அவர் முதுகைத் தடவிக்கொடுத்தேன். எனக்கும் கண் நிறைந்துவிட்டது. அந்தப் பெரிய மனுஷர் எத்தனை பந்தியைப் பார்த்துவிட்டுப் பசியோடு வீடு திரும்பியிருப்பார்! உண்மையைச் சொன்ன ஆளை ஒருவர்கூட நம்பவில்லையே.

கண்ணைத் துடைத்துக்கொண்டு அவர் தரையைப் பார்த்தார். "இந்த மஞ்சக் கோடு இதுக்கா?"

"இதுக்குத்தான். கட்ட எகிறினா வர்ற வழி அது."

"எனுக்கு ஏன் சொல்லல?"

"சொல்றதுக்கு நீங்க எப்ப உள்ள வந்தீங்க?"

பட்டைக்கு இடதுபக்கம் கிடந்த மிதியடியைப் பார்த்தார். நான் நின்று நின்று அது நடுவில் நசுங்கிப் போயிருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து, ப்ளக்கைப் பிடுங்கி, தகட்டையும் மூடியையும் அவர் கையாலேயே மாட்டி, ஆட்டிப் பார்த்து, திரும்ப ஒரு தடவை முடுக்கினார். "இப்ப நீ அறு," என்றார். நான் மிதியடியில் நின்று ஒரு பலகையை அறுத்தேன். அவர் எனக்குப் பின்னால், பட்டைக்கு வெளியே நின்று கடைசி வரைக்கும் பார்த்தார். தெருப்பக்கம் போகவில்லை.

மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தோம். முருங்கைக்காய்ச் சாம்பார் வைத்திருந்தேன். சோற்றில் ஊற்றிக்கொண்டு, பழைய பழக்கத்தில், அவர் பார்க்கட்டும் என்று மெதுவாகப் பிசைந்தேன். நிமிர்ந்து பார்த்தால் அவர் குனிந்து தன் பாட்டுக்கு ரெண்டு வாய் சாப்பிட்டுவிட்டிருந்தார்.

"இன்னாமா இது, உப்பே இல்ல," என்றார்.

ஓடிப்போய் உப்பு ஜாடியை எடுத்துவந்து அவர் பக்கத்தில் வைத்தேன்.